பழைய ஹால்னா பாட்டு தானா நல்லா கேக்குமா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் வாசகர், 2023 நவம்பர் 4

எங்க காலேஜ் பழைய ஹாலை இடிச்சுட்டு ஏசி ஆடிட்டோரியம் கட்டலாம்னு பேச்சு ஓடுது. நான் வேண்டாங்கற கட்சி. அமெரிக்காவுல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல 1870கள்ல கட்டுன மெமோரியல் ஹால் இருக்கு. அதுக்குள்ள இருக்கற சாண்டர்ஸ் தியேட்டர்ல இன்னைக்கும் மைக் இல்லாம கச்சேரி நடக்குது. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு சத்தத்தோட சூட்சுமம் தெரிஞ்சிருந்தது, இப்பக் கட்டறவங்களுக்குத் தெரியல. பழசுதான் நல்லது. சரிதானுங்களே?

நவம்பர் 4, ராத்திரி

பாதி சரிங்க. மீதிக்கு நீங்க சொன்ன அதே ஹார்வர்டுலயே பதில் இருக்கு.

சாண்டர்ஸ் நல்ல அரங்கம், அதுல எனக்கும் மாத்துக் கருத்து இல்ல. உள்ள முழுக்க மர வேலை, அரைவட்டமா அடுக்கடுக்கா பெஞ்சு, ஆயிரம் பேர் உக்காரலாம். ஆக்ஸ்ஃபோர்டுல கிறிஸ்டோபர் ரென் 1660கள்ல கட்டுன ஷெல்டோனியன் அரங்கை மனசுல வச்சு, வேர், வான் பிரண்ட்னு ரெண்டு கட்டடக்கலைஞருங்க வரைஞ்சது. ஆனா அதே வளாகத்துல 1895ல ஃபாக் கலைக்கூடம்னு ஒண்ணு திறந்தாங்க. வரைஞ்சவர் லேசுப்பட்ட ஆள் இல்ல, ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட். நியூயார்க்குல சுதந்திர தேவி சிலை நிக்கற பீடம் அவர் வரைஞ்சதுதான். அந்தக் கலைக்கூடத்து விரிவுரை ஹால்ல வாத்தியார் வாயைத் திறந்தா ஒரு எழவும் புரியல. ஒரு சத்தம் அடங்க அஞ்சரை வினாடிக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள நிதானமாப் பேசற ஆள்கூட இன்னும் பன்னெண்டு, பதினஞ்சு அசை பேசிருவாரு. முன்னாடி சொன்னதும் பின்னாடி சொன்னதும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்.

இங்க உங்க கட்சிக்காரங்க "பார்த்தீங்களா, பழசு நல்லது, புதுசு மோசம்"னு கைதட்டுவாங்க. பொறுங்க. அந்தப் "புதுசு" இன்னைக்கு இருந்திருந்தா அதுக்கு வயசு 128. 1973ல இடிச்சுட்டாங்க. இடிக்காம விட்டிருந்தா அதையும் நாம "அந்தக் காலத்து ஆளுங்க கட்டுனது"ன்னுதான் சொல்லிட்டிருப்போம். மோசமாக் கேட்ட பழைய ஹால்ல பலதும் மண்ணோட போச்சு, நல்லாக் கேட்டது நிக்குது. நிக்கறதை மட்டும் எண்ணிட்டு முன்னோர் எல்லாரும் மேதைங்கன்னு முடிவு கட்டக்கூடாதுங்க.

நவம்பர் 5, காலை

ஃபாக் ஹாலை என்ன பண்ணுனாங்கன்னு திருப்பூர்த் தம்பி கேட்டிருக்காப்டி. இதுதான் ருசியான பகுதி.

பல்கலைக்கழகத் தலைவர் எலியட், இயற்பியல் துறையில இருந்த வாலஸ் சபைனைக் கூப்பிட்டு "இதைச் சரி பண்ணு"ன்னு சொல்லிட்டாரு. சபைனுக்கு அப்ப 27 வயசு. ஒலி அவரோட துறையே இல்ல. ஹால் எக்கோ அடிச்சா மேல குறுக்க கம்பி கட்டறது, ஏதோ ஒரு விகிதக் கணக்குல நீள அகலம் வைக்கறதுன்னு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிட்டிருந்த காலம் அது. முறையா அளந்து பார்த்தவங்க யாரும் இல்ல.

இவர் ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தறது, சத்தம் காதுக்கு எட்டாம போற வரைக்கும் எத்தனை வினாடின்னு குறிச்சுக்கறது, இப்படி ஆரம்பிச்சாரு. பகல்ல வேலைக்காகாது, வெளிய டிராம் சத்தம். அதனால நடுராத்திரிக்கு மேல. சாண்டர்ஸ் பெஞ்சு மேல போட்டிருந்த மெத்தைகளை ரெண்டு உதவியாளுங்களோட தூக்கிட்டு வந்து ஃபாக் ஹால்ல கொஞ்சம் கொஞ்சமாப் பரப்பறது, ஒவ்வொரு தடவையும் அளக்கறது, விடியறதுக்குள்ள எல்லாத்தையும் திரும்பக் கொண்டு போய்ப் போடறது. மெத்தை ஏற ஏற முழக்கம், அதாவது ஊதறதை நிறுத்துன அப்புறமும் சத்தம் ஹால்ல சுத்திட்டிருக்கற நேரம், குறைஞ்சுட்டே வந்துச்சு. கொண்டு வந்த மெத்தை அத்தனையும் இருக்கை, நடைபாதை, மேடை, பின்சுவருன்னு போட்டு முடிச்சப்ப ஒரு வினாடியை ஒட்டி வந்து நின்னுது.

அந்த மனுசன் போட்டிருந்த கோட்டு, உள்சட்டை, கால்சராய், பூட்ஸ் வரைக்கும் ஆராய்ச்சிக் கட்டுரையில எழுதி வச்சிருக்காரு. துணி மாறுனா சத்தத்தை உறிஞ்சற அளவு மாறுமாம். ஒரே உடுப்பை ராத்திரி ராத்திரி மாட்டிட்டு உக்காந்திருக்காரு. வீட்டுல என்ன சொல்லியிருப்பாங்களோ.

நவம்பர் 5, மத்தியானம்

"அப்ப சாண்டர்ஸ் மெத்தையைத் திருடித்தான் இந்த விஞ்ஞானமே வந்துதா?" — ஆமாங்க, ஆனா காலையில திருப்பி வச்ச திருட்டு. நம்ம ஊர்ல மண்டபத்துச் சேரை எடுத்துட்டுப் போனவங்க எத்தனை பேரு திருப்பி வைக்கறாங்க?

நவம்பர் 6

கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லி ரெண்டு பேர் கேட்டாச்சு. சபைன் கண்டது இவ்வளவுதான்: முழக்க வினாடி = 0.161 × ஹாலோட கன அளவு ÷ உறிஞ்சற பரப்பு. மீட்டர்ல போடணும். உறிஞ்சற பரப்புன்னா சத்தத்தைத் திருப்பி அனுப்பாம விழுங்கற பரப்பு. முழக்க வினாடிங்கறது சத்தம் பத்து லட்சத்துல ஒரு பங்கா இறங்க ஆகற நேரம்.

புரியற மாதிரி சொல்லணும்னா தோட்டத்துத் தொட்டிதான். மோட்டார் தண்ணி ஊத்துது, அடியில ஓட்டை இருக்கு. தொட்டி பெருசா இருந்தா காலியாக நேரம் ஆகும், ஓட்டை பெருசா இருந்தா சீக்கிரம் காலி. மோட்டாரை நிறுத்துன அப்புறம் தண்ணி வடியற நேரம்தான் முழக்கம். ஓட்டைங்கறது ஜமுக்காளம், மெத்தை, ஜன்னல், ஆளுங்க. முக்கியமா ஆளுங்க.

ஃபாக் ஹாலோட கன அளவு ஏறக்குறைய 2,700 கனமீட்டர். நம்ம பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு 30 மீட்டர் நீளம், 15 அகலம், 6 உயரம்னு வச்சாலும் அதே 2,700தான். முழக்கம் 5.6 வினாடின்னா உறிஞ்சற பரப்பு வெறும் 78 சதுர மீட்டர். இப்ப 500 பேரை உள்ள விடுங்க. ஆளுக்கு அரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சுப் போட்டாலும் 225 கூடுது. மொத்தம் 303. முழக்கம் 1.4 வினாடிக்கு இறங்கிருது. கட்டடத்துல ஒரு செங்கல்லைக்கூடத் தொடல.

மைக் செட்டு போடற எங்களுக்கு இது ரத்தத்துல தெரியும். காலியா இருக்கற மண்டபத்துல சாயந்தரம் சவுண்ட் செக் பண்ணுவோம், பாக்ஸ் திருப்பித் திருப்பி வைப்போம், கொய்ங்னு கூவும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் வந்து "ஏனப்பா, உன்ற செட்டு சரியில்லையா"ம்பாரு. ஒறம்பரை எல்லாம் வந்து உக்காந்ததும் அதே செட்டு, அதே வால்யூம், தெளிவாக் கேக்கும். முகூர்த்தம் முடிஞ்சு கூட்டம் பந்திக்கு எந்திரிச்சுப் போனதும் திரும்ப மொழங்க ஆரம்பிக்கும். பாடறவங்க அப்பத்தான் நல்ல உருப்படியா எடுப்பாங்க. கேக்கறதுக்கு முன்வரிசைத் தாத்தா ரெண்டு பேரும், தூங்கற குழந்தையும்.

நவம்பர் 6, ராத்திரி

நாமக்கல்காரர் ஒருத்தர் முட்டை அட்டையைச் சுவர்ல ஒட்டுனா எக்கோ போயிரும்னு எழுதியிருக்காரு. ஊர்ப் பாசம் புரியுதுங்க. ஆனா முட்டை அட்டை ரொம்ப மெல்லிசு. கீச்சுச் சத்தத்துல கொஞ்சம் பிடிக்கும், ஆம்பளைக் குரல், மிருதங்கத்துல கனத்த சத்தம் தர்ற இடப்பக்கமான தொப்பி இதையெல்லாம் தொடவே தொடாது. அதை விட முக்கியம், தீப்பிடிச்சா நிமிசத்துல பரவும். ஆயிரம் பேர் உக்கார்ற ஹால்ல அதை ஒட்டாதீங்க. உங்க ஊரு முட்டை வியாபாரம் அட்டை இல்லாமயும் நல்லாத்தான் போகும்.

நவம்பர் 8

இந்த ரெண்டு நாளா மனசுல ஓடிட்டிருக்கறது, சபைன் எடுத்துக்கிட்ட அளவுகோல். உறிஞ்சற சக்திக்கு அவர் வச்ச அலகு என்ன தெரியுமுங்களா? திறந்து வச்ச ஜன்னல். திறந்த ஜன்னல் வழியா வெளிய போன சத்தம் திரும்பி வராது. அப்ப ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல்னா முழுசா ஒரு சதுர மீட்டர் உறிஞ்சற பரப்பு. மத்ததெல்லாம் அதுக்கு எத்தனை பங்குன்னு கணக்கு.

இதை நம்ம ஊருக்குக் கொண்டு வந்து பாருங்க. கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரிப் பழைய கட்டடத்தை லாலி ரோட்டுப் பக்கம் போறவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. 1868ல சென்னை சைதாப்பேட்டையில தொடங்குன விவசாயப் பள்ளி 1906ல இங்க வந்துச்சு, 1971ல பல்கலைக்கழகமாச்சு. ரோட்டுக்குப் பேர் குடுத்த ஆர்தர் லாலி அப்ப மெட்ராஸ் கவர்னர். அந்தக் காலத்துக் கட்டடங்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. ஆள் உயரத்துக்கு மேல ஜன்னல், வரிசையாக் கதவு, சுத்தி வராந்தா. காத்துக்காக வச்சது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆடி மாசத்துல அடிக்கறப்ப அதோட அருமை தெரியும். ஆனா காத்துக்குன்னு வச்ச அந்தத் திறப்பு சத்தத்துக்கும் வடிகாலாச்சு.

கணக்கு வேணுமா? அதே 2,700 கனமீட்டர் ஹாலுக்கு 16 கதவு, ஒவ்வொண்ணும் 3 சதுர மீட்டர். எல்லாத்தையும் திறந்து வச்சா 48 சதுர மீட்டர். 78ங்கறது 126 ஆயிருச்சு, காலி ஹால்லயே முழக்கம் 5.6லிருந்து மூணரைக்கு வந்துருச்சு. 200 பேர் வந்து உக்காந்தா ரெண்டு வினாடி. அதே 200 பேர், கதவெல்லாம் சாத்தியிருந்தா 2.6.

இப்பப் புரியுதுங்களா? பழைய ஹாலைக் கெடுக்கறது வயசு இல்ல, நாமதான். ஏசி போடறோம். ஏசிக்காக ஜன்னலைக் கண்ணாடி போட்டு அடைக்கறோம்.  மர பெஞ்சை ஏலம் விட்டுட்டு பிளாஸ்டிக் சேர். ஒவ்வொண்ணும் ஓட்டையை அடைக்கற வேலை. அப்புறம் "பழைய ஹால் எக்கோ அடிக்குது, இடிச்சிரலாம்"னு தீர்மானம் போடறோம்.

நவம்பர் 8, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதுனதுக்கு ஒரு ஒட்டு. கதவைத் திறந்து வச்சா உள்ள இருக்கற சத்தம் வெளிய போகும்னா வெளிய இருக்கறதும் உள்ள வரும். 1906ல லாலி ரோட்டுல மாட்டு வண்டி போயிருக்கும். இன்னைக்கு ஏர் ஹாரன் வச்ச பஸ் போகுது. அதனால "ஏசியே வேண்டாம்"னு நான் சொல்ல வரலைங்க. ஜன்னலைச் சாத்துனா சாத்துன பரப்பளவுக்கு வேற எதையாச்சும் மாட்டணும். யாரும் மாட்டறதில்ல, அதுதான் என்ற புகார்.

நவம்பர் 11

சத்தியமங்கலம் டீச்சரம்மா சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸை விட்டுட்டீங்களேன்னு கேட்டிருக்காங்க. நியாயம்தானுங்கம்மா. நம்ம மாநிலத்துல பல்கலைக்கழகக் கட்டடம்னா முதல்ல அதுதான். ராபர்ட் சிஷோம்ங்கற கட்டடக்கலைஞர் கட்டுனது, 1874ல ஆரம்பிச்சு 1879ல முடிஞ்சது. மெமோரியல் ஹாலும் இதுவும் ஒரே பத்தாண்டுல எழும்புன கட்டடங்கள். அங்க ஐரோப்பிய சர்ச் பாணியில கோதிக் கூம்பு, இங்க இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய பாணி கலந்த இந்தோ சாரசெனிக் கும்மட்டம். 1937ல மெட்ராஸ் சட்டசபை கொஞ்ச நாள் அங்கதான் கூடுச்சு. மியூசிக் அகாடமி தனக்குன்னு அரங்கம் கட்டறதுக்கு முந்தி, செனட் ஹவுஸ்லயும் மாநாட்டுக் கச்சேரி நடத்தியிருக்கு. 1962லதான் சொந்த அரங்கம்.

என்ற கருத்தைச் சொன்னா சென்னைக்காரங்க கோவிச்சுக்குவாங்க. அவ்வளவு உசரமான, பெரிய மண்டபம் பட்டமளிப்புக்குத்தான் லாயக்கு. அங்கி போட்டு நடந்து வர்றதுக்கு, பேரு வாசிக்கறதுக்கு, முழக்கம் ஒரு கம்பீரம் குடுக்கும். பாடகர் மேடையிலயே ஸ்வரங்களைக் கோத்துப் பாடற கற்பனா ஸ்வரத்துக்கு வேண்டாங்க. மேல்காலத்துல நாலு ஸ்வரம் ஒரு நொடியில போகுது, முழக்கம் ரெண்டு, மூணு வினாடி நிக்குதுன்னா பாடகர் என்ன பாடுனாருன்னு அவருக்கே சந்தேகம் வந்துரும்.

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவுக்கு ரெண்டு வினாடியை ஒட்டிய முழக்கம் அமிர்தம். சபைன் கணக்கை வச்சு முதல்முதலாக் கட்டுன பாஸ்டன் சிம்ஃபனி ஹால் 1900ல திறந்தாங்க. அதுக்கு முதல்ல கிரேக்க அரங்க பாணியில வரைபடம் போட்டிருந்தாங்க. அதை விட்டுட்டு நீள்பெட்டி வடிவத்துக்குப் போனாங்க. இன்னைக்கும் உலகத்துலயே நல்ல ஹால்கள்ல ஒண்ணுன்னு பேரு. ஆனா அங்க நூறு கருவி சேர்ந்து வாசிக்குது, ஒண்ணோட ஒண்ணு கலக்கறதுதான் அழகு. நமக்கு ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், கடம் இருந்தா அது ஒண்ணு. ஒவ்வொரு எழுத்தும் தனியா விழணும். என்ற காதுக்கு நம்ம கச்சேரிக்கு 1.2 வினாடி போதும். தம்புராவுக்கு மட்டும் கொஞ்சம் கூட இருந்தா நல்லாருக்கும்னு தோணும்.

நவம்பர் 12

"அப்ப கோயில் கல் மண்டபத்துல ஓதுவார் பாடறது எப்படி அவ்வளவு சுகமா இருக்கு? கல் எதையும் உறிஞ்சாதே?" — பேரூர்ப் பக்கத்து அன்பர்.

நல்ல கேள்விங்க. முதல் விசயம், பல மண்டபம் பக்கவாட்டுல திறந்தது. திறந்த பக்கம் முழுக்க சபைனோட ஜன்னல்தான். ரெண்டாவது, தூண். பேரூர்ல கனகசபைத் தூண் சிற்பங்களைப் பார்த்திருக்கீங்க இல்ல? மேடும் பள்ளமுமா, கை ஒருபக்கம் கால் ஒருபக்கமா நிக்கற அந்தச் சிற்பத்துல மோதுன சத்தம் ஒரே திசையில திரும்பாது, சிதறிப் போகும். வெறும் சுவருக்கு எதிர்ல வெறும் சுவர் இருந்தா கைதட்டுனதும் பட்பட்னு ஒரு சடசடப்பு கேக்கும். அது அங்க வராது. மூணாவது, ஓதுவார் பாடற வேகம். விருத்தமா, நிறுத்தி, இழுத்து. இடம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பாடறாரு. மைக் பிடிச்ச நம்ம ஆளுங்களுக்குத்தான் இடம்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு.

நவம்பர் 15

ஜமுக்காளக் கதையை எழுதுங்கன்னு பழைய சிநேகிதர் ஒருத்தர் போன் பண்ணி மிரட்டறாரு. எழுதறேன்.

ஒரு கல்லூரி, பேர் வேண்டாம். அங்க பழைய ஹால்ல மார்கழிக் கச்சேரி. ஜன்னலைக் கண்ணாடி போட்டு அடைச்சு, தரைக்கு கிரானைட் போட்டுட்டாங்க. நான் செட்டு கொண்டு போய் இறக்குனதும் கைதட்டிப் பார்த்தேன். சத்தம் மேல போச்சு, பின்னாடி போச்சு, திரும்பி வந்துச்சு, போகமாட்டேன்னுது. இதுல பாடறது ஒரு இளம் பாட்டுக்காரம்மா. முன்னாடி ரெண்டு வரிசைக்கு மேல வார்த்தை போய்ச் சேராது.

ஆணி அடிக்கக்கூடாதுன்னு கண்டிசன். அதனால ரெண்டு பக்கமும் மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, பவானி ஜமுக்காளம் பெருசாப் பார்த்து வாடகைக்கு எடுத்துட்டு வந்து பின்சுவர் நெடுகத் தொங்கவிட்டோம். சுவரை ஒட்டி இல்ல, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவே இடைவெளி விட்டு, சுருக்கம் வச்சு. பக்கச் சுவருக்கு சென்னிமலைப் போர்வை. பார்க்கறதுக்குத் துணிக்கடைத் தள்ளுபடி விற்பனை மாதிரிதான் இருந்துச்சு, ஒரு பேராசிரியர் வந்து விலையே கேட்டாரு.

இடைவெளி ஏன்னா, சுவரோட ஒட்டுன இடத்துல காத்துத் துகள் அசையவே முடியாது. அசையாத காத்தைத் துணி என்ன பண்ணும்? அலையோட நீளத்துல கால்பங்கு தள்ளித்தான் காத்து நல்லா ஆடும், துணி அதைப் பிடிச்சு அடக்கும். 25 சென்டிமீட்டர் தள்ளுனா 340 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 340 அதிர்வு, அது பக்கத்துல இருந்து மேல நல்லா வேலை செய்யும். பாட்டுக்காரம்மா குரல்ல வார்த்தையைத் தெளிவாக்கற பகுதி பெரும்பாலும் அதுல சிக்கிருச்சு. பாட்டோட வார்த்தை, சாகித்யம், தெளிவா வந்துச்சு. மிருதங்கத்து வலப்பக்கமான வலந்தலைச் சொல் ஒவ்வொண்ணும் நறுக்குன்னு விழுந்துச்சு.

ஆனா தொப்பி அடங்கல. மிருதங்கக்காரர் தொப்பியில இழுத்து வாசிக்கற கும்கியைத் தொட்டதும் ஹாலே உறுமுச்சு. கீழ்ச் சத்தத்தோட அலை மீட்டர் கணக்குல நீளம், அதுக்கு ஜமுக்காளம் ஒரு தடையே இல்ல. நான் சவுண்ட் மிக்சர்ல கீழ்ச் சத்தத்தை வெட்டி வெட்டி, கடைசியில தொப்பிப் பக்கத்து மைக்கையே எடுத்துட்டேன். மைக் இல்லாமயே போதுமான அளவுக்குக் கேட்டுச்சு.

அந்தக் கீழ்ச் சத்தத்தைப் பிடிக்கறது எது? பின்னாடி காலி இடம் விட்டு அடிச்ச மெல்லிசான மரப்பலகை. பலகை சத்தத்தோட சேர்ந்து ஆடும், ஆடறதுல சக்தியைத் தின்னுரும். இப்ப சாண்டர்ஸ் உள்ள முழுக்க மரம்னு சொன்னது ஞாபகம் வருதுங்களா? அங்க கட்டுனவங்க அழகுக்கும் அந்தக் காலத்துப் பழக்கத்துக்கும் வச்ச மரம், கீழ்ச் சத்தத்துக்கும் வடிகாலா அமைஞ்சுது. பெஞ்சு மேல மெத்தை மேல்சத்தத்துக்கு. கணக்குத் தெரிஞ்சு வச்சாங்கன்னு சொல்ல முடியாது, கணக்கே இருபது வருசம் கழிச்சுத்தான் வந்துச்சு. கெட்டிக்காரத்தனம் பாதி, அதிர்ஷ்டம் பாதி.

நவம்பர் 15, ராத்திரி

நாதஸ்வரம், தவில், பம்பை, உருமி இதையெல்லாம் பத்தி ஏன் பேசலைன்னு கேட்டவருக்கு: அதெல்லாம் வெட்டவெளிக்குப் பிறந்த வாத்தியம். நாலு பக்கமும் திறந்த ஜன்னல். கண்ணாடி போட்டு அடைச்ச ஏசி மண்டபத்துக்குள்ள தவிலைக் கொண்டு வந்து, அதுக்கும் மைக் வச்சு, "காது வலிக்குது"ன்னு சொல்றது யார் குத்தமுங்க? வள்ளி கும்மியும் அப்படித்தான். களத்துல, பொழுதோட, நூறு பேரு காலடியும் கைத்தட்டும் சேர்ந்து கேக்கணும். போன வருசம் ஒரு மண்டபத்துக்குள்ள வச்சாங்க. தட்டு ஒண்ணு, எதிரொலித் தட்டு ஒண்ணுன்னு புதுப் பிள்ளைங்க எல்லாம் அடவு தப்பிப் போச்சு.

நவம்பர் 19

கோபி வாசகர் திரும்ப எழுதியிருக்காரு. "அப்ப பழைய ஹாலைக் காப்பாத்தணும்னு சொல்றீங்களா, வேண்டாங்கறீங்களா? ஒலிதான் காரணம் இல்லன்னா எதைச் சொல்லி நான் வாதாடறது?"

காப்பாத்தணும். ஆனா "பழசு, அதனால ஒலி நல்லாருக்கும்"னு வாதாடுனீங்கன்னா அவங்க ஒரு ஒலிப் பொறியாளரைக் கூட்டிட்டு வந்து அஞ்சு வினாடின்னு அளந்து காட்டி உங்க வாயை அடைச்சிருவாங்க. வேற காரணம் வச்சுக்கோங்க.

மெமோரியல் ஹால்ல சாண்டர்ஸுக்குப் போறதுக்கு ஒரு உசரமான நடு மண்டபத்தைத் தாண்டணும். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்கத்தி ஒன்றியத்துப் பக்கம் நின்னு செத்துப் போன ஹார்வர்ட் மாணவருங்க 136 பேரோட பேரு அங்க பலகையில செதுக்கியிருக்கு. எதிர்ப்பக்கம் போன தெற்கத்தி மாணவருங்க பேரு இல்ல, அது இன்னைக்கும் அங்க விவாதம்தான். கச்சேரிக்கு வர்றவன் அந்தப் பேருங்களைத் தாண்டித்தான் வரணும். 1943ல சர்ச்சில் சாண்டர்ஸ் மேடையில பேசியிருக்காரு. அதே மேடையிலதான் பல வருசம் கிறுக்கு ஆராய்ச்சிக்குக் குடுக்கற இக் நோபல் விழா நடந்து, கூட்டம் மேடையைப் பார்த்துக் காகித ராக்கெட் விட்டுச்சு. நடுராத்திரியில மெத்தை தூக்குன சபைனுக்கு அந்தக் காலத்துல அது இருந்திருந்தா கண்டிப்பாக் குடுத்திருப்பாங்க.

எல்லாம் சுகமாவே போகல. 1956 செப்டம்பர்ல கோபுரத்துல தீப்பிடிச்சு மேல்பாகம் எரிஞ்சு போச்சு. உடனே கட்டல. நாப்பது வருசத்துக்கு மேல மொட்டையாவே நின்னுது, 1999லதான் பழைய வடிவத்துல திரும்ப ஏத்துனாங்க. அதுக்கு மூணு வருசம் முந்தி பக்கத்துப் பெரிய மண்டபத்தைச் சீர்பண்ணி முதலாண்டு மாணவருங்க சாப்பிடற இடமாக்கிட்டாங்க. கட்டடம் மொட்டையா நின்ன அத்தனை வருசமும் சாண்டர்ஸ்ல பாட்டும் பேச்சும் நடந்துட்டுத்தான் இருந்துச்சு. இடிக்காம இருந்ததுக்கு உபயோகம்தான் பெரிய காவல்னு எனக்குத் தோணுது. உங்க ஹால் பூட்டியே கிடக்குதா, வாரத்துக்கு நாலு நாள் திறக்கறாங்களா? பூட்டிக் கிடந்தா யாராலயும் காப்பாத்த முடியாது. முதல்ல ஒரு கும்மிப் பயிற்சிக்கோ, பட்டிமன்றத்துக்கோ சாவியை வாங்குங்க. அந்த ஹால்ல பரிசு வாங்குன பழைய மாணவருங்க நம்பரைத் தேடிப் பிடிங்க. தீர்மானத்தைத் தள்ளிப்போட வைக்கறது அவங்க போன்தான்.

நவம்பர் 20

கோபி வாசகரே, ஹாலோட ஒலியைச் சரிபண்ண செலவுக் கணக்கு கேட்டிருக்கீங்க. ரூபாய்ல இப்ப சொல்ல மாட்டேன், ஹாலைப் பார்க்காம சொல்றவன் சொல்ற விலை எல்லாம் பொய். வரிசையை வேணா சொல்றேன். முதல்ல மேடைக்கு நேர் எதிர்ப் பின்சுவர். அங்கிருந்து திரும்பற சத்தம்தான் பாடகரோட காதைக் குழப்பும். கனமான துணி, தள்ளித் தொங்கவிட்டது, இல்லன்னா தீத்தடுப்பு பூசுன கம்பளிப் பலகை. அடுத்தது சேர். பிளாஸ்டிக்கை எடுத்துட்டு மெத்தை வச்ச சேர் போட்டா ஆள் வராட்டியும் சேரே ஆள் வேலையைப் பாதி பார்க்கும், காலி ஹாலுக்கும் நிறைஞ்ச ஹாலுக்கும் வித்தியாசம் குறையும். மூணாவதா கீழ்ச் சத்தத்துக்கு மரப்பலகை, அதுக்குத் தச்சர் வேணும், அவசரப்படக்கூடாது. ஸ்பீக்கர் எல்லாத்துக்கும் கடைசி. பெரும்பாலும் நம்ம ஆளுங்க இதைத் தலைகீழாப் பண்ணுவாங்க. முதல்ல லட்சக்கணக்குல பாக்ஸ் வாங்கிருவாங்க, அதிகமா மொழங்கற ஹால்ல அதிகமான சத்தத்தைக் கொட்டுவாங்க.

பாலியஸ்டர் கர்ட்டன் வாங்கிறாதீங்க. வெளிச்சம் மறைக்கும், சத்தத்தை மறைக்காது. வாயில வச்சு ஊதிப் பாருங்க. காத்து சுலபமாப் புகுந்து போச்சுன்னா ரொம்ப லேசு, துளிகூடப் போகலைன்னா ரப்பர் மாதிரி, சத்தம் திரும்பிரும். கொஞ்சம் மக்கர் பண்ணிப் போகணும். பவானிக்காரர் நெய்யற தடிச்ச ஜமுக்காளம் அந்த ரகம்.

நவம்பர் 20, ராத்திரி

ஞாயித்துக்கிழமை சாவி கிடைக்கும்னு எழுதியிருக்கீங்க, சந்தோசம். நீளம், அகலம், உயரம் டேப் வச்சு அளந்துக்கோங்க. கதவு, ஜன்னல் எத்தனை, எது திறக்கும், எது துருப்பிடிச்சுக் கிடக்குதுன்னு குறிங்க. பலூன் ஒண்ணை மேடையில நின்னு உடைச்சு, பின்வரிசையில ஒருத்தர் செல்போன்ல பதிவு பண்ணட்டும். எல்லாக் கதவும் சாத்தி ஒரு தடவை, எல்லாம் திறந்து ஒரு தடவை. ஃபேன் ஓடக்கூடாது. பதிவை எனக்கு அனுப்புங்க, கணக்குப் போட்டுத் தர்றேன். வாட்ச்மேனுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருங்க, பட்டாசு வெடிக்கறாங்கன்னு ஓடி வந்துருவாரு.